லிங்கின் பார்க் பேண்டோட ஃப்ரம் ஜீரோ ஆல்பம் கேட்டாச்சா? எனக்கு சிங்கிள்ஸை விட நடுவுல உள்ள பாட்டுதான் பிடிச்சிருக்கு, எனக்கு மட்டுந்தானா?

பாளை_ரிஃப்

வெள்ளிக்கிழமை வந்ததுல இருந்து இதுதான் ஓடிக்கிட்டு கெடக்கு, வீட்ல ஏச்சு வாங்கியாச்சு, ஆபீஸ்ல ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு வேல பாக்கேன். இங்க யாரும் இன்னும் திரி போடல, சரி நானே போடுதேன்.

மொதல்ல நீளத்தப் பத்தி சொல்லிருதேன். 11 டிராக், அதுல மொதோ டிராக் பாட்டே கெடயாது, 22 செகண்ட் இன்ட்ரோ. மொத்தமா 32 நிமிஷம். தென்காசி போகணும்னு புதுபஸ்டாண்டுல ஏறி உக்காந்து பிளே பண்ணேன், சீதபற்பநல்லூர் தாண்டுதோம், ஆல்பம் முடிஞ்சிட்டு. ஏழு வருசம் காத்துக் கெடந்ததுக்கு இவ்வளவுதானான்னு ஒரு சடவு வந்தது உண்மை. ஆனா இவனுவ மொத ஆல்பம் ஹைப்ரிட் தியரியும் 38 நிமிஷத்துக்குள்ளதான், ரெண்டாவது மீட்டியோரா அதவிடக் கொறச்சல். இவனுவ என்னைக்குமே வளவளன்னு இழுக்கிற ஆளுக இல்ல.

இப்பம் விஷயத்துக்கு வாரேன். தி எம்ப்டினெஸ் மெஷின், ஹெவி இஸ் தி கிரவுன், ஓவர் ஈச் அதர், டூ ஃபேஸ்டு, இந்த நாலும் ஆல்பத்துக்கு முன்னாடியே வந்துட்டு. நெட்ல எல்லாரும் இந்த நாலத்தான் தூக்கி வச்சு ஆடுதாவ. எம்ப்டினெஸ் மெஷின் நல்ல பாட்டு, மறுக்கல, மொதல்ல பேண்டோட பழைய ஆளு மைக் ஷினோடாவ தனியா பாட விட்டு ஒரு கோரஸ் முழுக்க முடிச்சிட்டு பெறவு ரெண்டாவது வெர்ஸ்ல புதுப் பாட்டுக்காரி எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்க உள்ள விட்டானுவ பாருங்க, அது சரியான யோசனை. கேக்கவன் பதறாம இருக்கணும்னு தெரிஞ்சு செஞ்சிருக்கான் மைக். ஹெவி இஸ் தி கிரவுன்லதான் எனக்கு இடிக்கு. மைக் ராப் பண்ணுதான், எமிலி கோரஸ் பாடுதா, பெறவு ஒரு நீளமான கத்தல். எல்லாம் எடத்துல இருக்கு, அதான் பிரச்சனையே. அந்தக் கத்தல் வரும்போது என் மண்டைக்குள்ள 2017ல இறந்துபோன பழைய பாட்டுக்காரர் செஸ்டர் குரல் தானா வந்து உக்காந்துருது. அவ நல்லாத்தான் கத்துதா, நான்தான் அவளக் கேக்கல, அவருக்குப் பதிலா கத்துத ஆளா கேக்கேன்.

ஆனா கேஷுவல்ட்டி வந்தா அந்த நெனப்பே இல்ல. ரெண்டரை நிமிஷங்கூட கெடயாது, ஒரே ஓட்டம், அதுவும் மைக் கத்துதான்யா! இத்தன வருசம் பக்கத்துல நின்னு அளவா ராப் பண்ண மனுசன் தொண்டையக் கிழிச்சுக்கிட்டு கத்துதான். அதுக்கு அடுத்தாப்ல ஓவர்ஃப்ளோ, அப்படியே தலகீழ், பைய நடக்கு, அடியில பேஸ் கனமா கெடக்கு, குரல் எல்லாம் எக்கோல நனைஞ்சு வருது, கித்தாரு எப்பம் வரும் எப்பம் வரும்னு காக்க வச்சு லேட்டா விடுதானுவ. இவனுவ பழைய ஆல்பம் எ தௌசண்ட் சன்ஸ் பிடிச்சவனுக்கு இது போதும். இந்த ரெண்டையும் அடுத்தடுத்து வச்சதுக்கே மைக்குக்கு ஒரு சல்யூட்டு.

ஸ்டெய்ன்டு எனக்கு ஒட்டல. கட் தி பிரிட்ஜ் பரவால்ல, ஆனா இவனுவளோட பழைய பாட்டு ப்ளீட் இட் அவுட் கேட்டவனுக்கு இது பழகுன வீடு. ஓவர் ஈச் அதர் ஓடும்போது ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.

என் கேள்வி இதுதான். செஸ்டர் பெனிங்டன் வேலைய எமிலிகிட்ட குடுத்த பாட்டெல்லாம் பாதுகாப்பா இருக்கு, அவ வேலைய அவகிட்ட குடுத்த பாட்டுதான் உசுரோட இருக்குன்னு எனக்குத் தோணுது. உங்களுக்கும் அப்படித்தானா, இல்ல எனக்குத்தான் காது கோட்டி பிடிச்சிட்டா?

எமிலியப் பத்தி நெட்ல ஓடுற வேற பஞ்சாயத்த இங்க இழுக்காதிய, அதுக்கு ஊரெல்லாம் திரி இருக்கு. பாட்டப் பேசுவோம்.

---

அம்பை_கேசட்

தம்பி, நான் இந்த பேண்டு கேக்க ஆரம்பிச்சது அம்பாசமுத்திரத்துல மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுக்க கடைல. புதுப் படப் பாட்டு ஏத்தச் சொன்னா கடைக்காரப் பய எடம் மிச்சம் இருக்குன்னு இங்கிலீஷ் பாட்டு ஒரு ஃபோல்டரையும் சேத்துத் தள்ளிவிட்டான், அதுல இவனுவளோட இன் தி எண்டு, நம்ப் ரெண்டு பாட்டும் கெடந்துச்சு. பெறவு 2007ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துல வாட் ஐவ் டன் வந்ததும் நம்ம ஏரியாவுல பாதி பயலுவளுக்கு இந்த பேண்டு தெரிஞ்சிட்டு, நாம அதுக்கு முன்னாலயே கேட்டவங்கன்னு ஒரு கெத்து வேற.

2017 ஜூலை 20 ராத்திரி செஸ்டர் இறந்த செய்தி வந்தப்ப நான் நம்பல. மே மாசந்தான் ஒன் மோர் லைட் ஆல்பமே வந்துச்சு. அதோட முடிஞ்சிட்டுன்னு நெனச்சவன் நான். 2023ல மீட்டியோரா 20 வருசத்துக்காக லாஸ்ட்டுன்னு பழைய பாட்ட எடுத்து விட்டானுவல்லா, அதக் கேட்டுட்டு சரி இப்படி பெட்டிக்குள்ள கெடக்கத மட்டும் எடுத்து விட்டா போதும், புதுசா ஒண்ணும் வேண்டாம்னு எழுதுனவனும் நாந்தான், இங்கயே பழைய திரில கெடக்கும்.

நீ சொன்னதுல பாதி சரி. ஹெவி இஸ் தி கிரவுன் கத்தலு 16 செகண்டு, பழைய கிவன் அப் பாட்டுல செஸ்டர் கத்துனது 17 செகண்டுன்னு ஒரு கூட்டம் ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு அலையுது. அவனுவளச் சொல்லிக் குத்தம் இல்ல, அந்த எடத்துல அப்படி ஒரு கத்தல வச்சா எவனும் அளக்கத்தான் செய்வான். வச்சவன் மைக்.

ஆனா ஒண்ணு யோசி. செஸ்டரே இந்த பேண்டுக்கு ரெண்டாவது பாட்டுக்காரர்தான். 1996ல இவனுவ ஜீரோன்னு பேரு வச்சு ஆரம்பிச்சப்ப பாடுனது மார்க் வேக்ஃபீல்டு. அவரு போன பெறவு 1999ல அரிசோனால இருந்து செஸ்டர் வந்தாரு, அவரு வந்த பெறவுதான் ஹைப்ரிட் தியரின்னு பேரு மாறி, அதுவும் மாறி லிங்கின் பார்க் ஆச்சு. அப்பம் இவனுவளுக்கு ஆளு மாத்தி மறுபடி தொடங்குதது புதுசு கெடயாது. ஆல்பத்துக்கு அந்தப் பழைய பேர ஞாபகப்படுத்துத மாதிரி தலைப்பு வச்சதும் அதுக்குத்தான். மார்க் வேக்ஃபீல்டு பாடுனதக் கேட்டவன் கொஞ்சப் பேரு, செஸ்டர் பாடுனதக் கேட்டவன் உலகம் பூரா, வித்தியாசம் அதுதான், அது சின்ன வித்தியாசம் இல்லன்னும் எனக்குத் தெரியும்.

எமிலி யாருன்னு தெரியணும்னா இந்த ஆல்பத்துல தேடாத. அந்தப் பிள்ள டெட் சாரான்னு ஒரு பேண்டுல இருந்து வந்தது, அதுல வெதர்மேன்னு ஒரு பாட்டு இருக்கு, 2012 ஆல்பம். கேட்டுட்டு வா. அந்தக் கரகரப்பு அவ சொந்தச் சொத்து, எவர்கிட்டயும் கடன் வாங்குனது இல்ல. அதக் கேட்டுட்டு இந்த ஆல்பத்துல உள்ள ஐஜிஒய்ஈஐஎச் பாட்டப் போடு, கடைசில ஒரே வரியத் திரும்பத் திரும்பக் கத்துத எடம் வருதுல்லா, அங்க செஸ்டர் ஞாபகம் வருதான்னு சொல்லு.

எனக்கு வரல. குட் திங்ஸ் கோல வந்துட்டு. அந்தக் கடைசிப் பாட்ட மறுக்கா போட எனக்கு இன்னும் தைரியம் இல்ல.

---

ஊசிக்கோபுரம்_டிரம்ஸ்

நான் சர்ச்ல டிரம்ஸ் வாசிக்கவன், அதனால என் காது மொதல்ல அங்கதான் போகும், மன்னிச்சுக்கிடுங்க.

எல்லாரும் எமிலி எமிலின்னு பேசுதிய, இந்த பேண்டுல மாறுன இன்னொரு ஆள யாருமே சொல்லல. ராப் பூர்டன் இல்ல. மொத ஆல்பத்துல இருந்து வாசிச்ச மனுசன், திரும்பி வரலன்னுட்டாரு. அவரு எடத்துல கோலின் பிரிட்டன். ராப் வாசிப்பு எப்படின்னா, கையக் கட்டிப் போட்டுக்கிட்டு வாசிக்க மாதிரி இருக்கும், ஒரு அடி கூடவும் இருக்காது கொறயவும் இருக்காது, ஹைஹேட் மூடியே இருக்கும், சாம்பிள் எது நெஜ டிரம்ஸ் எதுன்னு பிரிக்க முடியாது. நம்ப் வாசிக்க சுளுவுன்னு நெனச்சு சின்னப் பயலுவ ஆரம்பிப்பானுவ, ரெண்டு நிமிஷத்துல டெம்போ ஓடிரும், அப்பந்தான் தெரியும் அந்த மனுசன் என்ன செஞ்சிருக்காருன்னு.

கோலின் அப்படி இல்ல, தொறந்து அடிக்கான். கிராஷ் நெறய. கேஷுவல்ட்டில அவன் வாசிச்சது முழுக்க பங்க் பீட்டு, கிக்கு ஸ்னேரு கிக்கு ஸ்னேருன்னு வெரட்டுதான், அத ராப்கிட்ட குடுத்தா வேற மாதிரி வந்திருக்கும். பாளை அண்ணன் சொல்லுத அந்த உசுரு இருக்குல்லா, அதுல பாதி அந்த டிரம்ஸ்ல இருந்து வருதுன்னு நான் சொல்லுவேன். கித்தார்லயும் ஒரு சங்கதி, பிராட் டெல்சன் ஆல்பத்துல வாசிச்சிருக்காரு, ஆனா மேடைக்கு வரல, லைவ்ல அலெக்ஸ் ஃபெடர்னு இன்னொருத்தர். பழைய ஆளுன்னு மேடைல நிக்கது மைக், ஃபீனிக்ஸ், ஜோ ஹான் மூணு பேருதான். டூ ஃபேஸ்டுல ஜோ ஹான் ஸ்க்ராட்ச் கேட்டதும் எங்க ப்ராக்டிஸ் ரூம்ல ஒருத்தன் விசிலே அடிச்சிட்டான்.

எனக்குள்ள கொற மிக்ஸ்ல. எல்லாமே ஒரே சத்தமா அமுக்கி வச்சிருக்கானுவ, ஊர்க் கொடைக்கு வேப்பமரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர் மாதிரி எந்த நேரமும் முழுச் சத்தம். ஸ்னேரு அடிக்க நேரத்துல சத்தம் சட்டுன்னு எகிறி நெஞ்சுல குத்தணும், அந்த எகிறுத உச்சியத்தான் சத்தத்த அமுக்குத கம்ப்ரஷன் வெட்டிருது. இதுல இன்னொண்ணு, ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ்ங்கிற ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்துருது, அப்பம் நீங்க சத்தமா மாஸ்டர் பண்ணி ஒரு லாபமும் இல்ல, அது வால்யூமக் கொறச்சிரும், வெட்டுன உச்சி மட்டும் வெட்டுனபடியே கெடக்கும். ஓவர்ஃப்ளோ ஏன் உங்களுக்கு நல்லாருக்குன்னா அதுல எடம் இருக்கு, மூச்சு விடுது. ஸ்டெய்ன்டு ஏன் ஒட்டலன்னா கோரஸ் வந்தாலும் வெர்ஸ விடப் பெருசாத் தோணல. பாட்டு மேல தப்பு இல்ல, வேற மிக்ஸ்ல கேட்டா உங்களுக்கே பிடிக்கும்.

---

மேலப்பாளையம்_மைக்

அண்ணே எல்லாரும் மூத்தவங்க பேசுதிய, நான் காலேஜ் படிக்கேன், ஏசிராதிய.

எனக்கு இந்த பேண்டு தெரிஞ்சதே 2024 செப்டம்பர்லதான். தம்பி லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்னு கம்ப்யூட்டர் கேம் வெளையாடுவான், அதோட 2024 வேர்ல்ட்ஸ் போட்டிக்கு ஹெவி இஸ் தி கிரவுன்தான் தீம் பாட்டு, அவன் அதப் போட்டு வீட்டையே ரெண்டாக்கிட்டான். யாரு இந்த அக்கா இப்படிக் கத்துதாங்கன்னு தேடிப் போயி இங்க வந்து நிக்கேன். அதனால உங்க யாருக்கும் மண்டைக்குள்ள வார அந்தக் குரல் எனக்கு வரல. எனக்கு லிங்கின் பார்க்னா எமிலிதான் மொதல்ல. பெறவுதான் பழசு எல்லாம் கேட்டேன், செஸ்டர் பாடுனதக் கேட்டு அழுதேன், அது வேற.

நான் பாடுவேன். பாடுத பிள்ளைங்களுக்கு மட்டும் தெரியுத ஒரு தொந்தரவு சொல்லுதேன். ராக் பாட்டுல பெரும்பாலும் ஆம்பளக் குரல்தான், நம்ப் எடுத்தா ஒண்ணு அவரு பாடுத எடத்துலயே பாடணும், அப்பம் வெர்ஸ் எல்லாம் என் தொண்டைக்கு ரொம்பக் கீழ போயி காத்துதான் வரும், இல்ல மேல தூக்கணும், அப்பம் கோரஸ்ல கீச்சுன்னு ஆயிரும். கீ மாத்தி கரோக்கி தேடுததே ஒரு வேல. இந்த ஆல்பத்துல எமிலி பாடுத எடம் எதுவும் அப்படி இல்ல, அப்படியே எடுத்துப் பாட முடியுது. உங்களுக்கு இது ஒரு விஷயமாவே தெரியாது அண்ணே, எனக்கு இதுதான் மொத விஷயம்.

அப்புறம் ஓவர் ஈச் அதர ஜன்னல் வழியா விட்டுட்டேன்னு எழுதிருக்கியளே, அதத்தான் என்னால ஒத்துக்கிட முடியல. நீங்க கேட்ட கேள்விக்கு பதிலே அந்தப் பாட்டுதான்! ஆல்பத்துல மைக் வாயே தொறக்காம அவங்களுக்கு முழுசா விட்டுக் குடுத்தது அது ஒண்ணுதான். ராப் இல்ல, கத்தல் இல்ல. ரெண்டு பேரு பேசித் தீக்க முடியாம ஒருத்தர் மேல ஒருத்தர் பேசிக்கிட்டே போறதுதான் பாட்டு, அதுக்கு எதுக்கு கத்தல். கோரஸ்ல அவங்க குரல் ஒடைய மாதிரி வந்து ஒடையாம நிக்க எடம் இருக்கு, ஹெட்போன்ல கேளுங்க, பஸ்ல கேட்டா ஹாரன் சத்தந்தான் கேக்கும்.

---

ஜங்ஷன்_ஜால்ரா

ஏல என்னலே இது, ஆல்பம் 32 நிமிஷம், திரி வாசிக்க 40 நிமிஷம் ஆகுது.

கேஷுவல்ட்டி சூப்பர். மத்ததெல்லாம் ஓகே. ஸ்டெய்ன்டு எனக்குப் பிடிச்சிருக்கு, யாரும் அடிக்க வராதிய. அம்பை அண்ணாச்சி, ஜீரோ, வேக்ஃபீல்டுன்னு கதையெல்லாம் நல்லாருக்கு, ஆனா நீங்க சொல்லுதது கணக்குக்கு சரி, மனசுக்கு எப்படி வே சரியாகும்? செஸ்டர் வந்தப்ப எவனுக்கும் லிங்கின் பார்க் தெரியாது, அவருக்கு ஒப்பிட ஆளே இல்ல. அந்தப் பிள்ளைக்கு எல்லாமே ஒப்பீடுதான். வேற பேரு வச்சிருந்தா இந்த ஆல்பத்த நான் இன்னும் நல்லாருக்குன்னு சொல்லிருப்பேன்.

---

அம்பை_கேசட்

வேற பேரு வச்சிருந்தா நீ கேட்டிருக்கவே மாட்ட. டெட் சாரா ஆல்பம் 2012ல இருந்து கெடக்கு, நீ கேட்டியா? நான் மட்டும் கேட்டனா, எமிலிய அறிமுகப்படுத்துன செப்டம்பர் 5 லைவ் ஸ்ட்ரீம் பாத்துட்டு யாரு இந்தப் பிள்ளன்னு தேடித்தான நானும் போனேன். அந்தப் பேரு இருக்கதுனாலதான் மேலப்பாளையத்துல உக்காந்து ஒரு பிள்ள இந்தப் பாட்டப் பாடுதா.

மைக் வேற பேருலயும் செஞ்சு பாத்தவன்தான், ஃபோர்ட் மைனர்னு ஒண்ணு, சொந்தப் பேருல போஸ்ட் டிராமாட்டிக்னு 2018ல ஒண்ணு. பேண்டு வேணும்னு தோணிருக்கு, பேண்டாத் திரும்பிட்டான். அவன் பேண்டு, அவன் முடிவு, எனக்கு அதுல சண்ட இல்ல.

---

பாளை_ரிஃப்

எல்லாருக்கும் சேத்து எழுதுதேன்.

அண்ணாச்சி, வெதர்மேன் கேட்டாச்சு. யப்பா. நீங்க சொன்ன மாதிரியே அடுத்தாப்ல ஐஜிஒய்ஈஐஎச் போட்டேன், அந்தக் கடைசி எடம் இப்பம் எனக்கு வேற மாதிரி கேக்கு, இது டெட் சாரா ஆளு லிங்கின் பார்க் மேடைல வந்து கத்துதது. அப்பம் என் கேள்விக்கு அந்தப் பாட்டையும் சேத்துக்கிடணும்.

டிரம்ஸ் தம்பி, ஸ்பாட்டிஃபைல சத்தத்த ஒரே அளவாக்குத அந்த நார்மலைசேஷன ஆஃப் பண்ணிட்டுப் பாத்தேன், சத்தம் கூடுச்சே தவிர நீ சொன்ன மாதிரி குத்தல. வினைல்ல வேற மாஸ்டர் இருக்குமோ என்னமோ, ஆனா அத வாங்கத் துட்டும் இல்ல, வாங்குனா ஓட்ட மிஷினும் இல்ல.

மேலப்பாளையம் தங்கச்சி, ஓவர் ஈச் அதர் ராத்திரி மச்சுல உக்காந்து ஹெட்போன்ல கேட்டேன். அந்தக் கோரஸ் எடம் புரியுது, குரலு நல்லா நிக்கு. ஆனா பாட்டு இன்னும் என்ன இழுக்கல, அதுக்குக் கீழ ஓடுத மியூசிக் ரொம்ப மொழுமொழுன்னு இருக்கு எனக்கு, எந்த பேண்டும் போட்டிருக்கலாம் அத. மைக் விட்டுக் குடுத்தான்னு சொன்னிய, அந்தப் பாய்ண்டு சரி. ஆனா கேஷுவல்ட்டில அவனே எறங்கி வந்து கூட நின்னு கத்துதான்லா, எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. விட்டுக் குடுக்கத விட கூட நிக்கது. இதுல நீங்க சொல்லுததும் சரியா இருக்கலாம், நான் மாறல.

சரி, ஜால்ராவத் தவிர எல்லாருக்கும் ஒரு கேள்வி. கிறிஸ்மஸ் லீவுல பெருமாள்புரத்துல சேக்காளி வீட்டு மாடி காலியா இருக்கு, டிரம் கிட்டும் கெடக்கு. கேஷுவல்ட்டி ட்ரை பண்ணுவமா?

---

ஊசிக்கோபுரம்_டிரம்ஸ்

டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ், 25 வரைக்கும் என்னத் தேடாதிய. 26க்குப் பெறவு ரெடி. கேஷுவல்ட்டி வேகம் எனக்குப் பிரச்சனை இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னாலயே சொல்லி வைங்க. சிம்பல் நான் கொண்டு வாரேன், அங்க கெடக்க கிராஷ் ஒடஞ்சது, போன தடவையே பாத்தேன்.

---

ஜங்ஷன்_ஜால்ரா

என்னத் தவிர்த்தா பேஸ் யாரு வே வாசிப்பா? ஓவர்ஃப்ளோவும் சேத்துக்கிட்டா வாரேன்.

---

மேலப்பாளையம்_மைக்

நான் அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுதேன், அனேகமா விட மாட்டாவ, பகல்ல வச்சா தம்பியக் கூட்டிக்கிட்டு வரலாம். ஆனா கேஷுவல்ட்டில மைக் பார்ட்ட நீங்களே கத்துங்க பாளை அண்ணே, கூட நிக்கதுதான் பெருசுன்னியல்லா.